கேளுங்கள், சொல்கிறேன்: கவுன்சிலர் சட்டமன்றம் போனால்…

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கவுன்சிலராக இருந்தவர் இப்போது சட்டமன்ற உறுப்பினர். முன்பெல்லாம் வடிகால் அடைத்துக்கொண்டது என்று போன் செய்தால் அவரே வந்து நிற்பார். இப்போது உதவியாளர்தான் போனை எடுக்கிறார். பதவி வந்ததும் மாறிவிட்டாரா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. ஆனால் அவருடைய வேலையே மாறிவிட்டது, அதை முதலில் பாருங்கள். உங்கள் ஊர் அடங்கிய செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கவுன்சிலர்கள் 24 பேர். குப்பை, வடிகால், தெருவிளக்கு, அங்காடிக் கடை லைசென்ஸ், வீட்டு வரி எல்லாம் அந்த மன்றத்தின் வேலை. பினாங்குச் சட்டமன்றத்தில் 40 பேர். அங்கே மாநிலத்தின் வரவு செலவு, நிலம், மாநிலச் சட்டங்கள் என்று பேச்சே வேறு. நம் கோயில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் முன்னால் விளக்கு எரியவில்லையா, கவுன்சிலர் போதும். கோயில் நிற்கிற நிலத்துக்குக் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) வேண்டுமென்றால் கவுன்சிலர் எவ்வளவு ஓடினாலும் அது அவர் கையில் இல்லை, ஏனென்றால் மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. பல வருஷம் ஓடி ஓடி அந்த இடத்தில் முட்டி நின்றதால்தான் பல கவுன்சிலர்களுக்குச் சட்டமன்ற ஆசையே வருகிறது, அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். வடிகாலுக்குப் புதுக் கவுன்சிலரைப் பிடியுங்கள். இவரிடம், உங்கள் தொகுதியைப் பற்றிச் சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்று கேளுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் அப்புறம் தாராளமாகக் கோபப்படலாம்.

கேள்வி: கவுன்சிலருக்கு நான் ஓட்டுப் போட்டதே இல்லையே, அவர் எப்படி வந்தார்?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நியமனத்தில்தான் ஐயா. 1976ஆம் ஆண்டு ஊராட்சி (உள்ளூர் அரசாங்க) சட்டப்படி மாநில அரசு அவர்களை நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் இடங்களை ஆளுங்கட்சிகள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே மனக்கசப்பு உண்டு, ஏனென்றால் ஊராட்சித் தேர்தலுக்கு இந்த நாட்டில் வழிகாட்டிய ஊரே நம் ஜார்ஜ் டவுன்தான். 1857லேயே இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. இடையில் நின்றுபோய் 1951 டிசம்பரில் மறுபடி வந்தது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை இருக்கிறது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் மட்டும் திரும்பவில்லை. ஊராட்சித் தேர்தலை மறுபடி நடத்தப் பினாங்கு 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. நியமனத்தில் வந்தவர் சட்டமன்றத்துக்கு நிற்கும்போதுதான் முதல்முறையாக மக்களிடம் ஓட்டுக் கேட்கிறார். அதுவரை அவர் செய்த வேலைக்கு மதிப்பெண் போட நமக்கு ஒரு வாய்ப்பும் இல்லை, அந்த வாய்ப்பு நமக்குத் திரும்ப வர வேண்டும்.

கேள்வி: கோலாலம்பூரில் இப்படிக் கவுன்சிலராகி மேலே வந்தவர் யாரையும் காணோமே?
- வாசகர், செந்தூல்

பதில்: அங்கே கவுன்சிலரும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. 1974இல் எந்த மாநிலத்திலும் சேராத கூட்டரசுப் பிரதேசம் ஆனதிலிருந்து உங்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான். பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவில் பாருங்கள், ராஜீவ் ரிஷியகரன் அங்கே மாநகர் மன்ற உறுப்பினராக இருந்து 2013இல் புக்கிட் காசிங் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, பொதுச்சேவையில் ஆர்வம். கவுன்சிலர் ஆக என்ன தகுதி வேண்டும்?
- வாசகி, பிறை

பதில்: 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் பட்டப்படிப்பு எதையும் கேட்கவில்லை. ஊராட்சி விஷயங்களில் அனுபவம், தொழிலில் சிறப்பு, அல்லது தன் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் திறமை, இவற்றில் ஒன்று இருந்தால் நியமிக்கலாம். கட்சி வழியாகப் போவதுதான் வழக்கம், அரசுசாரா அமைப்புகளிலிருந்தும் சிலரை எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தால் ஒழிய அதன் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று மன்ற அலுவலகத்தில் விசாரித்து, மகளோடு நீங்களும் போய்வாருங்கள்.