ஹெட்ஃபோன் கப்புக்குள் பஞ்சா, ஃபோமா, பியூட்டைலா?

கேள்வி: என் ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி எம்கே3 ஹெட்ஃபோனில் பாடகர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கப்புக்குள் எதை வைத்தால் சரியாகும்?

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். குறை கப்பின் சுவரிலா, உள்ளே இருக்கும் காற்றிலா? சுவர் அதிர்ந்தால் அதன்மேல் கனம் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கார் கதவுகளில் ஒட்டும் பியூட்டைல் ஷீட், அதாவது கனமான ரப்பர் தாள். காற்றில் எதிரொலி என்றால் பஞ்சு, ஃபெல்ட் மாதிரி இழைப்பொருள் வேண்டும். ஒலி இழைகளுக்கு நடுவே உரசிக்கொண்டு போகும்போது வலுவிழக்கும்.

கப்பை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று இழுத்தால் சுவரின் நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு பியூட்டைல் ஒட்டுங்கள். ‘டொக்’ என்று நின்றுவிட்டால் அதுவே போதும். முழுச் சுவரையும் மூடினால் தலைதான் கனக்கும். பியூட்டைல் ஷீட்டின் அலுமினியத் தாள் மின்சாரம் கடத்தும், கம்பிகளைப் பற்றவைத்த சால்டர் முனைகளில் படக் கூடாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு எதிரொலி மேல்தான் சந்தேகம் அதிகம். உங்கள் ஹெட்ஃபோனில் ஒலி எழுப்புவது பிளேனர் டிரைவர், அதாவது தட்டையான சவ்வு அதிரும் வகை. அந்தச் சவ்வு முன்னால் தரும் ஒலியைப் பின்பக்கமும் தருகிறது. அது சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய சவ்வைத் தாண்டிக் காதுக்கே வந்துவிடும். இதற்கு 3 மி.மீ. ஃபோம் உதவாது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ.; அவ்வளவு மெல்லிய ஃபோம் உச்ச ஸ்தாயியை மட்டுமே கொஞ்சம் தொடும். ஃபோம்தான் வேண்டுமென்றால் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வராத ஃபோம் ஒலியையும் உள்ளே விடாது.

நான் வைக்கச் சொல்வது மருந்துக்கடைப் பஞ்சு. நன்றாகப் பிரித்து, புகைபோல் உதிரியாக்கி வையுங்கள். அமுக்கித் திணித்தால் பாஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) மாறும், குரலில் உயிர் போய்விடும். கப்பின் காற்றுத் துளைகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். தலையணையின் இலவம்பஞ்சும் ஆகும். ஆனால் அது பறக்கும், மெல்லிய துணியில் முடிந்து வைக்க வேண்டும்.

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையை மட்டும் உள்ளே விடாதீர்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். டிரைவரின் காந்தமும் வலுவானது, ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுத்துச் சவ்வைக் கிழித்துவிடும். கவனம்.

அப்புறம், நகைத் தராசில் நிறுத்து இரு பக்கமும் அரை கிராம் வைத்துத் தொடங்குங்கள். பழகிய ஒரே பாட்டை ஒரு நாள் கேட்டுவிட்டு அடுத்த அரை கிராமுக்குப் போங்கள்.