25-வது திருமண நாளுக்கு லுவார் அரண்மனைகள்: கடன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 50 வயது, கணவருக்கு 54. இருவரும் வேலையில் இருக்கிறோம். வரும் செப்டம்பர் கடைசியில் எங்கள் 25-வது திருமண நாள். பிரான்சில் லுவார் பள்ளத்தாக்கு அரண்மனைகளையும் அங்குள்ள திராட்சைத் தோட்டங்களையும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டிராவல் ஏஜெண்ட் ஒருவர் பாரிஸ், ஷாம்பேன், லுவார், போர்தோ எல்லாம் சேர்த்து 6 இரவுக்கு, இருவருக்கும் 7.2 லட்சம் கேட்கிறார். கையில் 3.2 லட்சம் இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? அல்லது அடுத்த வருடம் மகனின் மேற்படிப்புக்கு என்று போட்டிருக்கும் எஃப்.டி.யை உடைக்கலாமா?
– கோவை வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். 25 வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவர் ஆசைப்பட்ட இடத்துக்குப் போய் வருவது வீண்செலவு இல்லை. உங்கள் கணக்கில் எனக்குத் தவறாகப் படுவது அந்த ஏஜெண்ட் போட்ட பாதைதான்.

ஷாம்பேன் பகுதி பாரிஸுக்கு வடகிழக்கே இருக்கிறது. போர்தோ தென்மேற்கே, பாரிஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 580 கிலோமீட்டர். 6 இரவில் இரண்டையும் தொட்டுவிட்டு லுவாரையும் பார்ப்பதென்றால், நீங்கள் ஆசைப்பட்ட இடத்துக்கு ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் மிஞ்சும். மீதி நேரம் பஸ்ஸில் போகும். அந்தப் பஸ் பயணத்துக்குத்தான் நீங்கள் கடன் வாங்கப் போகிறீர்கள்.

கடனின் விலையையும் பாருங்கள். 4 லட்சம், 14 சதவீத வட்டி, 3 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 13,670 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 92,000. மகனின் படிப்புச் செலவு தொடங்கும் அதே நேரத்தில் இந்தத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.டி.யை முன்கூட்டியே உடைத்தால் வட்டி குறையும், பெரும்பாலான வங்கிகள் அபராதமும் பிடிக்கும். அதைவிட முக்கியம், அது மகனுக்கென்று ஒதுக்கிய பணம். அதை அப்படியே விட்டால் இன்னொரு உபயோகமும் உண்டு. விசா விண்ணப்பத்தில் உங்கள் பணநிலைக்குச் சான்றாக அந்த ரசீதையே காட்டலாம். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்னால் திடீரென்று 4 லட்சம் வந்து விழுந்த பேங்க் ஸ்டேட்மெண்டைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, லுவாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 5 இரவு தூர் நகரத்தில், கடைசி இரவு பாரிஸில். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தூருக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். தூரில் ஒரே அறையில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு திசையில் போய் வரலாம். ஷெர் ஆற்றின் மேல் பாலம்போல நீளும் ஷெனோன்சோ அரண்மனைக்கு அருகிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. தூரிலிருந்து அரை மணி நேரம், இறங்கி நடந்தே உள்ளே போய்விடலாம். அம்புவாஸுக்கும் அதேபோல் ரயில் உண்டு. லியோனார்டோ டாவின்சி 1519-ல் இறந்த க்ளோ லூசே மாளிகை அங்கேதான். அதே வருடம் மன்னர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கிய ஷம்போர் அரண்மனைக்கு, ப்ளுவா வரை ரயிலில் போய், அங்கிருந்து சுற்றுலாப் பருவத்தில் ஓடும் பஸ்ஸைப் பிடிக்கலாம். கார் தேவையே இல்லை. வாடகைக் கார் எடுத்தால் கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை டெபாசிட்டாக முடக்கி வைப்பார்கள். ஒயின் சுவைத்துவிட்டு ஓட்டவும் முடியாது.

யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். தூரில் நாளுக்கு 100 யூரோ, பாரிஸில் 170 என்றால் அறைக்கு 670. ரயில்களுக்கு 280, நுழைவுச் சீட்டுகளுக்கு 200, சாப்பாட்டுக்கு 560, ஒயின் பக்கம் 200, சில்லறைச் செலவுக்கு 100. மொத்தம் 2,010 யூரோ, அதாவது சுமார் 2.21 லட்சம். மூன்று நான்கு மாதம் முன்னால் பதிவு செய்தால் விமானத்துக்கு இருவருக்கும் 1.3 லட்சம் வையுங்கள். விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. அதோடு சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். ஆக 3.81 லட்சம். கைகாவலாகக் கொஞ்சம் சேர்த்து 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைவது 80,000. இ.எம்.ஐ. கட்டத் தயாராக இருந்த அந்த 13,670 ரூபாயை இந்த மாதத்திலிருந்தே 6 மாத ஆர்.டி.யில் போடுங்கள். முடியும்போது 82,000-க்கு மேல் இருக்கும், வட்டியும் உங்களுக்கே வரும். விமானத்துக்கும் விசாவுக்கும் இப்போது கையில் இருப்பது போதும். விசா கையில் வரும் வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். விசா கிடைக்காவிட்டால் விசாக் கட்டணம் திரும்ப வராது.

ஒயினுக்கு 200 யூரோ ஒதுக்கியதில் கை வைக்காதீர்கள். அரண்மனைகளுக்கும் ஒயினுக்கும் அங்கே ஒரே கல்தான் ஆதாரம். துஃபோ என்ற வெளிர் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து மாளிகைகள் கட்டினார்கள். வெட்டிய இடத்தில் உண்டான குகைகள் இன்று ஒயின் கிடங்குகள். தூரை ஒட்டியிருக்கும் வூவ்ரேயில் ஷெனின் பிளாங் திராட்சையின் வெள்ளை ஒயினை அந்தக் குளிர்ந்த குகைகளுக்குள்ளேயே ஊற்றித் தருவார்கள். வழிகாட்டியோடு மினிவேனில் அரை நாள் போய் வாருங்கள். செப்டம்பர் கடைசி அறுவடைக் காலம், சிறிய தோட்டக்காரர்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். அதனால் முன்பதிவு அவசியம். வாங்கி வருவதென்றால் ஆளுக்கு 2 லிட்டர் வரை இந்தியச் சுங்கத்தில் வரி கிடையாது. பாட்டில்களைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

2026 ஜனவரியிலிருந்து ஷம்போர், பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் அதிகம். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள விலையை நம்பாதீர்கள். கடைகளில் கார்டு மெஷின் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் உங்கள் பணம் போகும். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் வரும். அதனால் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவை இரண்டு மூன்று தவணையாக ஏற்றிக்கொள்வது நல்லது.

ஏஜெண்ட் சொன்ன 7.2 லட்சத்தில் ஜி.எஸ்.டி.யும், ஏஜெண்ட் முன்கூட்டியே வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் டி.சி.எஸ். வரியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது உங்கள் பெயரில் வரித்துறையில் பதிவாகும், வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஆனாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். நீங்களாகவே ஏற்பாடு செய்தால், ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 10 லட்சத்தைத் தாண்டாதவரை அந்தப் பிடித்தம் இல்லை.

ஏற்கெனவே அவரிடம் முன்பணம் கட்டியிருந்தால், ரத்து நிபந்தனைகளை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு திரும்ப வரும் என்று பார்த்துவிட்டு மேலே இருக்கும் கணக்கைத் திருத்தித் தருகிறேன்.