பெரிய மரத்தில் திணறும் இன்ஜின்: விற்றவர் பொறுப்பில்லையா?

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் மரம் அறுத்துக் கொடுக்கிறேன். இரண்டடி விட்டமுள்ள புளி, வேம்பு அறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் 13 எச்.பி. பெட்ரோல் இன்ஜின் வைத்த, வண்டியில் இழுத்துப் போகும் பேண்ட் சா மெஷினை நான்கு லட்சத்துக்கு வாங்கினேன். "தாராளமா இழுக்கும்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். பெரிய கட்டை என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது. கேட்டால், "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு நிற்காது. பெரிய இன்ஜின் மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். மெஷின் இன்று இருக்கும் நிலைதான் உங்களுக்குச் சாட்சி. இன்ஜினை மாற்றினால் சாட்சியும் போகும், வாரண்டியும் போகலாம்.

தொழிலுக்கு வாங்கினால் வழக்கு நிற்காது என்பது பாதி உண்மை. சுயதொழில் செய்து பிழைக்கவே வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெஷின் வாங்கியவர் துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும், தானே ஓட்டிப் பிழைத்தால் அவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. நீங்கள் ஆள் வைத்து நாலைந்து மெஷின் ஓட்டுபவராக இருந்தால் என் பதில் வேறு.

எச்.பி. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். 13 என்று விற்கும் இன்ஜினுக்கு, நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிகரத் திறன் 11.7 எச்.பி. என்று தயாரிப்பாளரே கையேட்டில் போடுவதுண்டு; எதிர்த் தரப்பு அதைக் காட்டித் தப்பிக்கும். உங்கள் பலம் அந்த வாட்ஸ்அப் பதில். என்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அந்த உரையாடலை அழிக்காமல், அதே போனில் வைத்திருங்கள்.

அடுத்து, "பிளேடு மழுங்கியிருக்கும்" என்பார்கள். புது பிளேடு போட்டு, மரத்தின் விட்டத்தை டேப்பில் அளந்து காட்டி, இன்ஜின் நிற்பதை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அப்புறம் 15 நாள் அவகாசம் தந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. மெஷின் சிறியது, சக்கரம் வைத்தது, அதனால் வனத்துறை உரிமம் வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழக்கில் எதிர்த் தரப்பின் முதல் குறுக்குக் கேள்வியே இந்த உரிமத்தைப் பற்றி வரலாம்.