தைராய்டு மாத்திரையும் தாய்ப்பாலும்

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. கர்ப்பத்துக்கு முன் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். கர்ப்பத்தின்போது அதை 75 ஆக்கினார்கள். பால் வழியாக மருந்து குழந்தைக்குப் போய்விடும் என்று மாமியார் பயப்படுவதால் பத்து நாளாக நிறுத்தியிருக்கிறேன். பாலும் குறைந்ததுபோல் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தியதுதான் தவறு. தைராக்ஸின் உடலுக்கு அந்நியமான பொருள் அன்று. உங்கள் தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காத ஹார்மோனைத்தான் அது ஈடு செய்கிறது. சரியான அளவில் எடுக்கும்போது பாலில் கலப்பது மிகச் சொற்பம், அதனால் குழந்தைக்குத் தீங்கு இல்லை. மாறாக, தாய்க்குத் தைராய்டு குறைந்தால் பால் சுரப்பும் குறையக்கூடும். அந்த நிலையில் பூண்டும் பால்சுறாவும் எவ்வளவு சாப்பிட்டாலும் மூலகாரணம் அப்படியே இருக்கும்.

இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசி மாத்திரையைத் தொடங்குங்கள். எந்த அளவு என்பதை அவரே சொல்ல வேண்டும்: கர்ப்பத்துக்காகக் கூட்டிய அளவைப் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். உங்களுக்கு அந்த ஆறு வாரம் கடந்துவிட்டது. இடையில் பத்து நாள் மாத்திரை நின்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. பிரசவமானவர்களுக்குத் தரப்படும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் விழுங்கிவிடுகிறார்கள். அவை தைராக்ஸினைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும்; குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தை பாலுக்கு அழும்போது எப்படியும் எழுந்திருப்பீர்கள்; அப்போதே வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டால், காபிக்கு முன் ஒரு மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும். கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் மதியமோ இரவோ வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்களா என்று மருத்துவமனைச் சீட்டில் பாருங்கள். நீங்கள் மாத்திரை சாப்பிடுவதற்காக இந்தப் பரிசோதனை செய்வதில்லை. பிறவியிலேயே தைராய்டு குறைவு இருந்தால் சீக்கிரம் கண்டறிவதற்காகத்தான்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் தாய்மார்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வரை எடுப்பவர்கள், மருத்துவர் கண்காணிப்பில், பாலூட்டலாம். பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது. கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் பாலூட்டும் காலத்தில் கூடவே கூடாது. தைராய்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாலும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.