ஈரக் கோணிக்குள் மூச்சிரைக்கும் மாடுகள்

கேள்வி: பெங்களூரில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டி வர்த்தூர் பக்கம் இருக்கிறோம். மாமனார் காலத்திலிருந்தே மாடுதான் பிழைப்பு. இப்போது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் ஒன்பது உருப்படி. ஏழு கறவையில் இருக்கின்றன, ஒன்று எட்டு மாதச் சினை, பால் வற்றிவிட்டது, இன்னொன்று கிடாரி. சிமெண்ட் ஷீட் கொட்டகை, எட்டடி உயரம். மேற்கே அபார்ட்மெண்ட் வந்துவிட்டதால் காற்று குறைவு. மார்ச்சிலிருந்து மாட்டுக்கு 14 லிட்டர் கறந்தது 10க்கு வந்துவிட்டது. பால் சொசைட்டியில் ஃபேட் (பாலின் கொழுப்பு) 3.2 சதவீதம் காட்டுகிறது. மதியம் முழுக்க மாடுகள் படுக்காமல் நின்று மூச்சிரைக்கின்றன, வாயில் நுரை. நாலு பக்கமும் ஈரக் கோணி கட்டினேன், ஹோஸில் தண்ணீர் அடிக்கிறேன், சீலிங் ஃபேன் ஓடுகிறது. வெப்பமானி 34லிருந்து 30க்கு இறங்குகிறது, மாட்டுக்கு மட்டும் குறையவில்லை. ராத்திரி கொசுவுக்காகக் கோணியை அப்படியே விட்டுப் புகை போடுகிறோம். தீவனத்தைக் கூட்டினால் பால் ஏறுமா?

பதில்: அம்மா, தீவனத்தைக் கூட்டாதீர்கள். இன்று சாயங்காலமே கோணிகளை அவிழ்த்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது வெப்பமானியை. மாட்டின் உடம்புக்கு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கணக்குதான் தெரியும். இரண்டையும் சேர்த்து வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஒன்று போடுவார்கள். அது 72ஐத் தாண்டினாலே கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கிவிடும். நிறையக் கறக்கும் மாட்டுக்கு 68லேயே தொடங்கும். பெங்களூரின் ஏப்ரல் மதியத்தில் 34 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்தால் குறியீடு ஏறக்குறைய 80. நாலு பக்கமும் கோணி கட்டி உள்ளே தண்ணீர் அடித்தால் 30 டிகிரிக்கு இறங்கும், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு ஏறும். அப்போது குறியீடு 83. நாலு டிகிரி குறைந்தும் மாட்டுக்கு முன்னைவிட மோசம். ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் மலிவாகவே கிடைக்கும். ஒன்று வாங்கி மாட்டின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

மாட்டின் வயிறு ஓர் அடுப்பு மாதிரி. தீனி நொதிக்க நொதிக்கச் சூடு வந்துகொண்டே இருக்கும், பால் அதிகமென்றால் சூடும் அதிகம். வெளிக்காற்று 25 டிகிரிக்கு மேல் போனதும் அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வையும் மூச்சும்தான் முக்கிய வழி. இரண்டிலும் ஈரம் காற்றில் ஆவியாக வேண்டும். காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் எதுவும் ஆவியாகாது. அதனால்தான் உங்கள் மாடுகள் மூச்சை மேலும் மேலும் வேகமாக விடுகின்றன. படுக்காமல் நிற்பதும் உடம்பின் எல்லாப் பக்கமும் காற்றுப் பட வேண்டும் என்றுதான்.

நீங்கள் தண்ணீர் அடிப்பது தவறில்லை, காற்று இல்லாமல் அடிப்பதுதான் தவறு. முடி நனைந்து தோல் வரை ஊறும்படி ஒன்றிரண்டு நிமிடம் முதுகிலும் விலாவிலும் ஊற்றுங்கள். பனி மாதிரித் தெளித்தால் முடிமேல் நின்று, உள்ளே சூட்டை அடைத்துவிடும். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் பலமான காற்று. திரும்பவும் தண்ணீர், திரும்பவும் காற்று. மதியம் ஐந்தாறு முறை, மாலைக் கறவைக்கு முன் மூன்று முறை போதும். தண்ணீர் வழிந்து மடிக்குப் போகக் கூடாது, மடிநோய் வந்துவிடும். கறப்பதற்கு முன் மடியைத் துணியால் ஒற்றி உலர்த்திவிடுங்கள்.

சீலிங் ஃபேன் இந்த வேலைக்கு ஆகாது. எட்டடி ஷீட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும் அனலை அது மாட்டின் முதுகிலேயே இறக்கும். ஒரு ஓரத்தில் பெரிய பெடஸ்டல் ஃபேனோ சுவர் ஃபேனோ வைத்து, மாடுகள் நிற்கும் வரிசையின் நீளவாக்கில், கொஞ்சம் கீழே சாய்த்து ஓடவிடுங்கள். அதன் எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். கடைசி மாட்டின் முதுகு உயரத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டிப் பாருங்கள். அது படபடவென்று பறந்தால் காற்றுப் போதும், தொங்கினால் இன்னொரு ஃபேன் வேண்டும். ஈரம் இருக்கிற இடம் என்பதால் வயரும் ஸ்விட்சும் மாட்டுக்கும் தண்ணீருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஷீட்டின் மேல்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் கீழே சூடு நன்றாகவே குறையும். கைச்செலவில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை. பழைய ஷீட் என்றால் சுரண்டாமல், துளை போடாமல் அப்படியே அடியுங்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷீட்டில் ஏறி நிற்கவும் வேண்டாம், உடைந்துவிடும்.

இனி ராத்திரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். பெங்களூரின் வெயில் முன்னைப்போல் இல்லை என்பது உண்மை. 2016 ஏப்ரலில் 39 டிகிரியைத் தாண்டியது, 2024 ஏப்ரலில் 38ஐத் தாண்டியது. ஆனாலும் ராத்திரி 22, 23க்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் மாடு வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது. பகலெல்லாம் உடம்பில் ஏற்றிய சூட்டை மாடு இறக்கிவைப்பது அந்தச் சில மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் கோணியை மூடிப் புகையும் போட்டால் மூச்சிரைக்கிற மாட்டுக்கு அது இரட்டைத் தண்டனை. பொழுது சாய்ந்ததும் மாடுகளை வெளி முற்றத்தில் கட்டுங்கள். மேற்கே அபார்ட்மெண்ட் சுவர் ராத்திரியிலும் அனலடிக்கும், அதிலிருந்து தள்ளியே கட்டுங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள், அல்லது அதே ஃபேனை ஓடவிடுங்கள். வேகக் காற்றில் கொசு நிற்காது.

தீவனத்துக்கு வருவோம். மூச்சிரைக்கிற மாடு வைக்கோல், ராகித்தாள் போன்றவற்றைக் குறைத்துத் தின்னும், அசை போடுவதும் குறையும். எச்சில் நுரையாக வெளியே போய்விடுவதால் வயிற்றுப் புளிப்பை அடக்கும் கார உப்பும் அதோடு போகிறது. இந்த நிலையில் புண்ணாக்கும் தவிடும் கூட்டினால் வயிறு இன்னும் புளிக்கும், ஃபேட் இன்னும் இறங்கும். உங்கள் 3.2க்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிற தீவனத்தையே நேரம் மாற்றிப் போடுங்கள்: மூன்றில் இரண்டு பங்கு மாலை ஆறுக்கு மேலும் விடியற்காலையிலும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை புண்ணாக்கு, தவிடு மாதிரி அடர்தீவனம் வேண்டாம், கொஞ்சம் பச்சைப் புல் போதும். ராகித்தாளை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் நிறையப் பேர் பியர் கம்பெனிச் சக்கை போடுகிறார்கள். இந்த வெயிலில் அது ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்கு வருவதை மட்டும் போடுங்கள். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். தாது உப்புக் கலவையும் கல்லுப்பும் நிற்காமல் போகட்டும்.

தண்ணீர் ஒரு மாட்டுக்கு நாளைக்கு நூறு லிட்டர் வரை போகும். கறந்த உடனே நிறையக் குடிக்கும், அப்போது தொட்டி நிறைந்திருக்க வேண்டும். மொட்டைமாடிக் கருப்பு டேங்கிலிருந்து வருகிற தண்ணீரானால் மதியம் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் மாடும் வேண்டிய அளவு குடிக்காது. டேங்குக்கு மேலே ஒரு கூரை போதும்.

இதையெல்லாம் செய்து மறுநாளே பால் ஏறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்றைய சூடு பாலில் காட்டுவது இரண்டு நாள் கழித்துத்தான், குளிர்ச்சியும் அப்படியே. பாலை அளப்பதற்கு முன் மூச்சை எண்ணுங்கள். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் என்றால் சிரமத்தில் இருக்கிறது, 80க்கு மேல் என்றால் உடனே தண்ணீரும் காற்றும் வேண்டும். வாய் பிளந்து நாக்கு தொங்கினால், தள்ளாடினால், ஆசனவாயில் வைத்த வெப்பமானி 41ஐக் காட்டினால், காத்திருக்காமல் தொடர்ந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒவ்வொரு மாட்டுக்கும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். கொட்டகையைத் திறந்துவிட்ட பிறகு, வெயிலால் ஏறிய சூடு அந்த நேரத்துக்குள் 38.5 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மாடு மட்டும் அப்போதும் 39.5க்கு மேல் நின்றால் அது வெயில் இல்லை, காய்ச்சல். உண்ணியால் வருகிற தைலேரியா என்கிற ரத்த நோய் கலப்பின மாடுகளை இந்த மாதங்களில்தான் பிடிக்கும். காதுக்குக் கீழேயும் தோளுக்கு முன்னாலும் கட்டி வீங்கியிருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வெயில்தானே என்று தள்ளிப்போட்டு நல்ல மாடுகளை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக உங்கள் சினை மாடு. பால் இல்லாத மாட்டை எல்லோரும் கொட்டகையின் கடைசி மூலையில், காற்று எட்டாத இடத்தில்தான் கட்டுவார்கள். நீங்களும் அப்படிக் கட்டியிருந்தால் மாற்றுங்கள். வற்றுக்காலத்தின் இந்த இரண்டு மாதத்தில்தான் அடுத்த ஈற்றுக்கான மடித் திசு வளர்கிறது, வயிற்றுக் கன்றும் எடை கூடுகிறது. இப்போது சூட்டில் வாடினால் கன்று எடை குறைந்து பிறக்கும், அடுத்த கறவை முழுக்கப் பாலும் குறையும். அதற்குச் சமையல் சோடா மட்டும் கொடுக்காதீர்கள், கன்று போட்டதும் பால் காய்ச்சல் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு படுத்துவிடும் நோய்) வர இடம் கொடுக்கும். மற்றபடி ஏழு கறவைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, ஃபேனுக்கு முதல் இடத்தில் கட்டுங்கள்.