படகின் எஞ்சின் மவுண்ட்டை எப்படிச் சோதிப்பது, எப்போது மாற்றுவது?

ஐடிலில் (கியர் போடாமல் மெதுவாக ஓடும்போது) எஞ்சின் உதறுகிறது, ஆனால் எஞ்சினைத் தாங்கி நிற்கும் மவுண்ட்டின் ரப்பர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வையை மட்டும் நம்பாதீர்கள். நாங்கள் அப்படி நம்பி ஒரு சீசனையே வீணாக்கினோம்.

நாகப்பட்டினத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. புரொப்பல்லரைச் சுற்றும் தண்டுதான் சாஃப்ட்; அது படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அதற்குள் அடைக்கும் பேக்கிங் கயிற்றை இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், பின்பக்க மவுண்ட் ஒன்றின் மீது டீசல் சொட்டிச் சொட்டி, ரப்பர் ஊறி அமுங்கிப்போயிருந்தது. எஞ்சின் அந்தப் பக்கம் லேசாகத் தாழ்ந்ததால் சாஃப்ட் கோணலாகச் சுற்றிப் பேக்கிங்கை அரைத்திருக்கிறது. டீசல் கசிவை அடைக்காமல் மவுண்ட்டை மட்டும் மாற்றியிருந்தால், புதியதும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

எஞ்சினின் எடையைத் தாங்குவதோடு மவுண்ட்டின் வேலை முடிவதில்லை. புரொப்பல்லர் தள்ளும் விசை சாஃப்ட், கியர்பாக்ஸ் வழியாக வந்து, பெரும்பாலான படகுகளில் மவுண்ட் மூலமாகத்தான் படகைத் தள்ளுகிறது. அதனால் முதலில் படகை இறுக்கமாகக் கட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் ஒருமுறை முன் கியர், ஒருமுறை பின் கியர் போடச் சொல்லி, தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு மூலை மட்டும் அதிகமாகத் தூக்கினால் கோளாறு அங்கேதான். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிராக்கெட்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து விட்டிருந்தால் வாய் பிளக்கும். நான்கு மவுண்ட்டின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். அடியில் கறுப்புத் தூள் கிடந்தால் ரப்பர் தேய்கிறது என்று அர்த்தம்.

எஞ்சினும் மவுண்ட்டும் உட்காரும் மேடையான பெட்டையும் விடாதீர்கள். மரப் பெட்டில் போல்ட் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றினால் மரம் உளுத்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் மவுண்ட் மாற்றுவது காசுக்குக் கேடு.

மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது அமுங்கி, புதியது நிமிர்ந்து நின்றால் எஞ்சின் சமமாக உட்காராது.

ரொம்ப முக்கியமானது அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் சாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்க்கிறோம். அங்கேயே கியர்பாக்ஸையும் சாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. முட்டுக்கொடுத்து நிற்கும்போது படகின் அடிப்பகுதி ஒரு மாதிரி இருக்கும், மிதக்கும்போது இன்னொரு மாதிரி வளையும். தண்ணீரில் இறக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டு, கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் இடையில் சுற்றிலும் நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 4 அங்குலக் கப்ளிங் என்றால் அதிக இடைவெளிக்கும் குறைந்த இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

முதல் ட்ரிப் போய் வந்ததும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும்.