ஏர்பஸ்ஸின் நெடுந்தூர ஒல்லி உடல் விமானமான ஏ321எக்ஸ்எல்ஆருக்குப் போயிங்கிடம் ஏன் இன்னும் பதில் இல்லை? 737-இல் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் போதாதா?

போதாது. பெரிய எஞ்சினைப் பொருத்த 737-க்கு அடியில் இடமில்லை. மற்ற சிக்கல்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவையே.

ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனத்தின் ஏ321எக்ஸ்எல்ஆர் 2024 நவம்பர் 14 அன்று மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்குப் பயணிகளோடு கிளம்பியது. அன்று முதல் விமான ஆர்வலர்களிடையே இரண்டு கட்சி. "போயிங் தூங்கிவிட்டது" என்கிறது ஒன்று. "பழைய ஏ321-இன் வயிற்றில் கூடுதல் டேங்க் வைத்திருக்கிறார்கள், இதில் என்ன புதுமை?" என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 737 தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி இரு கட்சியும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

737 முதலில் பறந்தது 1967 ஏப்ரலில். அன்றைய சிறு விமான நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் கிடையாது, உயரமான ஏற்று வண்டிகளும் அரிது. விமானத்தின் சொந்தப் படிக்கட்டில் பயணிகள் இறங்க வேண்டும், பெட்டிகளை ஆட்கள் கையாலேயே ஏற்ற வேண்டும். அதனால் வயிறு தரையை ஒட்டி இருக்கும்படி குட்டைக் கால்களோடு வடிவமைத்தார்கள். அன்றைய ஜேடி8டி எஞ்சின் ஒல்லியானது, முன்பக்க ஃபேனின் விட்டம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். இறக்கைக்கு அடியில் ஒட்டினாற்போல் அடங்கிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது மிக நல்ல வடிவமைப்பு.

ஏ321-க்கு மூலமான ஏ320 முதலில் பறந்தது இருபது ஆண்டுகள் கழித்து, 1987 பிப்ரவரி 22 அன்று. அதற்குள் பெரிய ஃபேன் கொண்ட எஞ்சின்கள் வந்துவிட்டன. சரக்கறைக்குள் கன்டெய்னர் ஏற்றவும் வழி வேண்டும் என்று ஏர்பஸ் நினைத்தது. ஆகவே உயரமான கால்கள், 3.95 மீட்டர் அகல உடல். 737-இன் அகலம் 3.76 மீட்டர்.

ஃபேன் விட்டங்களை வரிசையாகப் பார்த்தால் நிலைமை புரியும். பழைய ஏ320-இன் சிஎஃப்எம்56-5பி: 68.3 அங்குலம். இன்றைய 737 மேக்ஸின் லீப்-1பி: 69.4 அங்குலம். அதாவது மேக்ஸின் புத்தம் புது எஞ்சின், ஏர்பஸ் போன தலைமுறையில் பயன்படுத்திய எஞ்சினின் அளவுதான். புது எஞ்சின்களோடு வந்த ஏ320நியோ குடும்பத்தில் (ஏ321-உம் இதில் சேரும்) லீப்-1ஏ 78 அங்குலம், பிராட் அண்ட் விட்னியின் கியர்டு டர்போஃபேன் 81 அங்குலம். 78-க்கும் 69.4-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஃபேன் பரப்பில் அது ஏறத்தாழ 26 சதவீதம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். அதனால்தான் லீப்-1ஏ-இன் பைபாஸ் விகிதம் (எஞ்சினின் எரியும் மையத்துக்குள் போகும் காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று அதைச் சுற்றிப் போகிறது என்பது) 11-ஆகவும் லீப்-1பி-இன் விகிதம் 9-ஆகவும் நிற்கின்றன. குட்டை மேசைக்கு அடியில் பெரிய அண்டாவை நுழைக்க முடியாது.

1980-களில் 737-க்கு சிஎஃப்எம்56 எஞ்சினைப் பொருத்தியபோதே இந்த நெருக்கடி தொடங்கிவிட்டது. எஞ்சினின் அடியில் இருந்த துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, கூட்டின் அடிப்பாகத்தைத் தட்டையாக்கினார்கள். அந்தக் காலம் முதல் வந்த 737-களின் எஞ்சின் வாய் வட்டமாக இல்லாமல் கீழே சப்பையாக இருப்பதன் காரணம் அதுதான்.

அடுத்த கட்டம்தான் வேதனையானது. ஏர்பஸ் 2010 டிசம்பரில் ஏ320நியோவை அறிவித்தது. 2011 ஜூலையில், போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அடுத்த மாதமே, புது விமானம் என்ற யோசனையை ஒதுக்கிவிட்டு 737 மேக்ஸைப் போயிங் அறிவித்தது. புது எஞ்சினை இறக்கைக்கு முன்னாலும் மேலாகவும் தள்ளி வைத்தார்கள், மூக்குச் சக்கரக் காலை 8 அங்குலம் நீட்டினார்கள். முன்னால் துருத்திய எஞ்சின் கூடு, மூக்கு மிக உயர்ந்த நிலையில் தானும் ஏற்றுவிசை தந்து மூக்கை மேலும் தூக்கியது. அதைச் சமன் செய்ய வந்த மென்பொருள்தான் எம்காஸ். அதை, வரும் காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும் ஒரே ஓர் உணரியின் பேச்சைக் கேட்டு இயங்கும்படி விட்டது மன்னிக்க முடியாத பிழை. 2018 அக்டோபர் 29, லயன் ஏர்: 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன்: 157 பேர். எஞ்சின் இடமாற்றம் மட்டும் இவர்களைக் கொல்லவில்லை. விமானிகளுக்கு எம்காஸ் பற்றிச் சொல்லாமல் விட்டதும், ஒற்றை உணரியை நம்பியதும் சேர்ந்துதான் கொன்றன. ஆனால் குட்டைக் கால் இல்லாவிட்டால் அந்த மென்பொருளுக்கே தேவை வந்திருக்காது.

"பிரதான சக்கரக் காலையும் நீட்டிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். 737-இன் இரு கால்களும் உள்நோக்கி மடிந்து வயிற்றின் நடுவே பக்கத்தில் பக்கத்தில் படுக்கின்றன. இரண்டையும் நீட்டினால் சக்கரங்கள் நடுவில் மோதிக்கொள்ளும். மோதாமலிருக்கக் கீல்களை வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். அப்படியானால் இறக்கையின் உள்கட்டமைப்பையே மாற்ற வேண்டும். கூடவே அவசர வழி. இறக்கை மேல் கதவு வழியாக வெளியேறும் பயணி தரையில் இறங்கும் உயரம் 6 அடியைத் தாண்டினால் சறுக்குப் பாதை கட்டாயம். 737-இல் அங்கே சறுக்குப் பாதை இல்லை, ஏ320-இல் உண்டு. ஒன்றைத் தொட்டால் நான்கு அவிழும்.

இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் போயிங் பொறியாளர்கள் செய்த ஒரு வேலையைப் பாராட்டியே ஆக வேண்டும். மேக்ஸ் வரிசையில் மிக நீளமான, 43.8 மீட்டர் நீளமுள்ள மேக்ஸ் 10 மேலெழும்பும்போது வால் தரையில் உரசும் அபாயம் அதிகம். அதற்காக நெம்புகோலோடு நீளும் கால் ஒன்றைச் செய்தார்கள். தரையில் நிற்கும்போது பழைய உயரம்தான். மூக்கைத் தூக்கும் தருணத்தில் 9.5 அங்குலம் நீள்கிறது. மடியும்போது மறுபடி சுருங்கி அதே பழைய குழிக்குள் அடங்குகிறது. அருமையான இயந்திரம். ஆனால் தரையில் நிற்கும்போது உயரம் கூடவில்லை என்பதால் எஞ்சினுக்கு ஓர் அங்குலம்கூட இடம் கிடைக்கவில்லை. மேக்ஸ் 10 எட்டும் தொலைவு 5,700 கி.மீ. அளவில்தான். அதுவும் 2021 ஜூனில் முதலில் பறந்தது, 2026 தொடங்கியபோதும் சான்றிதழ் பெறவில்லை. தாமதத்துக்கு ஒரு காரணம், எஞ்சின் முகப்பின் பனித்தடுப்பு அமைப்பு. வறண்ட காற்றில் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் போட்டு வைத்தால் முகப்பு அளவுக்கு மீறிச் சூடாகிச் சிதையலாம் என்று தெரிந்ததால், அதன் வடிவமைப்பையே மாற்ற வேண்டி வந்தது.

இனி எக்ஸ்எல்ஆர். சாதாரண ஏ321நியோவின் இறக்கை, நடு டேங்குகளில் சுமார் 23,500 லிட்டர் பிடிக்கும். இதற்கு முந்தைய நெடுந்தூர வகையான ஏ321எல்ஆரில் தலா 3,100 லிட்டர் அளவுள்ள தனிப் பெட்டி டேங்குகளைச் சரக்கறையில் வைத்தார்கள். பெட்டிக்கு இரட்டைச் சுவர், சுற்றிலும் இடைவெளி என்று நிறைய இடம் வீணாகும். எக்ஸ்எல்ஆரில் உடலின் வெளிச்சுவரையே டேங்கின் சுவராக்கி 12,900 லிட்டர் கொள்ளும் பின்நடு டேங்கைக் கட்டினார்கள். ஆக மொத்தம் 36,000 லிட்டருக்கு மேல், எடையில் 29 டன். அதைச் சுமக்க உச்சப் புறப்பாட்டு எடையை 97 டன்னிலிருந்து 101 டன்னாக உயர்த்தி, சக்கரக் கால்களையும் வலுவாக்கினார்கள். கூடவே இறக்கையின் உள்பக்க மடிப்பிறகையும் (ஃபிளாப்) மாற்றினார்கள், வால் திசைமாற்றிக்கு மின்னணுக் கட்டுப்பாடு கொடுத்தார்கள்.

வெளிச்சுவரே டேங்க் சுவர் என்றால் ஒரு கேள்வி எழுகிறது. சக்கரம் இறங்காமல் விமானம் வயிற்றால் உரசி நின்று, கீழே தீப்பிடித்தால்? வழக்கமாக உடல் சுவருக்கு உள்ளே தீத்தடுப்புப் போர்வை இருக்கும், பயணிகள் வெளியேறச் சில நிமிடங்கள் வாங்கித் தரும். டேங்க் இருக்கும் பகுதியில் அதை வைக்க இடமில்லை. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு இதற்கெனத் தனி நிபந்தனைகள் போட்டது. போயிங்கும் அந்த அமைப்புக்குத் தன் ஆட்சேபத்தை எழுதி அனுப்பியது. போட்டியாளரின் குறும்பு என்று அதை ஏர்பஸ் ரசிகர்கள் ஒதுக்குவது தவறு. கேள்வி நியாயமானது, அதனால்தான் ஏர்பஸ் அந்தப் பகுதியின் கட்டமைப்பை வலுப்படுத்தி எடையைக் கூட்ட வேண்டி வந்தது. நெடும் பறப்பில் டேங்கின் எரிபொருள் கடுமையாகக் குளிரும் என்பதால், மேலே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள் விறைக்காமலிருக்கத் தரைக்கு அடியில் காப்பும் தேவைப்பட்டது. 2023 என்று சொன்ன வருகை 2024-க்குத் தள்ளிப்போனதில் இந்த டேங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

எக்ஸ்எல்ஆரின் உண்மையான பலவீனம் இறக்கை. இது போயிங்கின் பழைய 757-க்கு மாற்று என்கிறார்கள். 757-இன் இறக்கைப் பரப்பு 185 சதுர மீட்டர், உச்ச எடை 115 டன் சொச்சம்: சதுர மீட்டருக்கு 625 கிலோ. எக்ஸ்எல்ஆரில் அது 800 கிலோவுக்கு மேல். எனவே முழு எடையோடு கிளம்பினால் முதல் சில மணி நேரம் தாழ்வான உயரத்திலேயே பறக்க வேண்டும். வெயில் கொளுத்தும், கடல் மட்டத்திலிருந்து உயரமான, ஓடுபாதை குட்டையான நிலையங்களில் 757-க்கு இது ஈடாகாது. ஆனால் அதே பெரிய இறக்கையும் கூடுதல் எடையும் குறுந்தூர வழித்தடங்களில் 757-க்குச் சுமையாயின. 1,050 விமானங்களோடு 2004-இல் உற்பத்தி நின்றுவிட்டது. அந்த இடத்துக்கென்று போயிங் வரைந்துவந்த நடுத்தரச் சந்தை விமானத் திட்டத்தை 2020 ஜனவரியில் புதுத் தலைவர் டேவ் கல்ஹூன் ஓரங்கட்டினார். என் கணிப்பில் போயிங் கதவை முழுசாகத் திறந்துவிட்டது அன்றுதான்.

"8,700 கி.மீ. பறக்கும் என்கிறார்கள், அப்படியானால் சென்னையிலிருந்து லண்டனுக்கு எக்ஸ்எல்ஆர் போகுமா?" என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 8,200 கி.மீ. ஆனால் 8,700 என்பது காற்றே வீசாத வானத்துக்கான எண். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. சராசரி மணிக்கு 70 கி.மீ. என்று வையுங்கள். விமானத்தின் காற்றுவேகம் 830, தரைவேகம் 760. 8,200-ஐ 830-ஆல் பெருக்கி 760-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8,950. வரம்பைத் தாண்டிவிட்டது, வளைந்து போகும் வழித்தடத்தை இன்னும் சேர்க்கவேயில்லை. டெல்லி–லண்டன் சுமார் 6,700 கி.மீ.: அதே கணக்கில் 7,300. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது போன்ற சுற்றுவழி சில நூறு கி.மீ. சேர்த்தாலும் எட்டும்.

இருக்கை எண்ணிக்கையையும் பாருங்கள். ஏ321நியோவில் 244 பேர் வரை ஏற்றலாம், ஐபீரியா எக்ஸ்எல்ஆரில் வைத்திருப்பது 182. பயணி, பெட்டி சேர்த்துத் தலைக்கு 100 கிலோ என்றால், உச்ச எடையை எட்டிய விமானத்தில் 40 பேரைக் குறைப்பது 4 டன் எரிபொருளுக்கு இடம் தரும். மணிக்கு சுமார் 2.5 டன் செலவாகும் விமானத்துக்கு அது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பறப்பு. எந்த நிறுவனம் எத்தனை கி.மீ. சொன்னாலும், எத்தனை பயணிகளோடு என்று முதலில் கேளுங்கள்.

பெரிய ஃபேன் வைக்க முடிவது மட்டும் ஏர்பஸ்ஸைக் காப்பாற்றிவிடவில்லை. பிராட் அண்ட் விட்னியின் எஞ்சினில் 2015 கடைசியிலிருந்து 2021 வரை தயாரான உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது. அதில் செய்த சுழல் தட்டுகளில் விரிசல் வரலாம் என்று 2023 ஜூலையில் வெளியே வந்தது. ஓர் எஞ்சினைக் கழற்றிச் சோதித்துத் திரும்ப மாட்ட 250 முதல் 300 நாள். இண்டிகோவின் விமானங்கள் பல தரையில் நின்றன. இந்தத் தகவல் வரும் முன்பே, மே மாதத்தில், கோ ஃபர்ஸ்ட் அதே எஞ்சின் வகையின் கோளாறுகளையும் மாற்று எஞ்சின் கிடைக்காததையும் காரணம் காட்டித் திவால் மனு கொடுத்தது. மறுபுறம், இரண்டு மூன்று மணி நேர வழித்தடங்களில் 737 மேக்ஸ் 8 எடை குறைந்த, சிக்கனமான விமானம். அங்கே ஏ320நியோவோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. அகல உடல் விமானங்களில் போயிங் 787-இன் பக்கத்தில் ஏ330நியோ வெகு பின்னால்தான்.

அடுத்த சுற்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. லீப் எஞ்சினைச் செய்யும் சிஎஃப்எம் நிறுவனம் 2021-இல் அறிவித்த ரைஸ் திட்டத்தின் எஞ்சினுக்குக் கூடே கிடையாது, ஃபேன் திறந்த நிலையில் சுழலும். அதன் விட்டம் 4 மீட்டர் அளவில் பேசப்படுகிறது, இன்றைய லீப்-1ஏ-ஐப் போல இரண்டு மடங்கு. அந்த அளவுக்கு ஏ320-இன் கால்களும் குட்டைதான். தன் அடுத்த விமானம் 2030-களின் பிற்பாதியில் வரும் என்கிறது ஏர்பஸ். இறக்கையை உடலின் மேலே வைத்துத் தாங்குகம்பிகளால் பிடிக்கும் எக்ஸ்-66 சோதனை விமானத்தை நாசாவும் போயிங்கும் 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்துவிட்டன. உயரமான இறக்கை அத்தனை பெரிய ஃபேனுக்கு இடம் தரும் என்பதால், போயிங் அந்த வேலையை மீண்டும் கையில் எடுக்கிறதா என்பதைத்தான் நான் உன்னிப்பாகக் கவனித்துவருகிறேன்.